சுவரில் மாட்டிய போர்வை

துணி ஆலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்டிக்கர் என்றால்தான் தெரியும். கப்பலேறப் போகும் சட்டைகளை வெள்ளை விளக்கின் கீழே விரித்து, தையல் எங்காவது விட்டிருக்கிறதா, காஜா பிசிறடிக்கிறதா, காலரின் ஒரு முனை மறுமுனையைவிட நீண்டிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. குறை தட்டுப்பட்ட இடத்தில் சிவப்பு அம்பு போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவாள். அம்பு வாங்கிய சட்டை தைத்தவரிடமே திரும்பிப் போகும். சரிசெய்யவே முடியாது என்றால் செகண்ட்ஸ் கூடையில் விழும். அந்த ஊரில் பாதிப்பேர் உடுத்துவது அந்தக் கூடையிலிருந்து மலிவாக வாங்கியதுதான். நல்லது கப்பலில் போகும், கொஞ்சம் கோணலானது நமக்கு வரும் என்பது, பொழுது விடிவதைப் போல எல்லோருக்கும் பழகிப்போன விஷயம்.

ஸ்டிக்கர் சுருளை அவள் வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டியிருப்பாள். வீட்டுக்கு வரும்போது கழற்ற மறந்துவிடும். கல்யாணமாகி வந்த புதிதில், நாத்தனார் இஸ்திரி போட்டு வைத்திருந்த சீருடைச் சட்டையின் முதுகில் ஒரு சுருக்கத்தைப் பார்த்ததும் கை தன்பாட்டில் போய் அம்பை ஒட்டிவிட்டது. நாத்தனார் பஸ் கண்டக்டர். அன்று முழுக்க முதுகில் சிவப்பு அம்போடு டிக்கெட் கிழித்துவிட்டு வந்தாள். "அம்பு காட்டுற பக்கம்தான் சீட்டு காலியா இருக்குன்னு நினைச்சு, எல்லாரும் அந்தப் பக்கமே போய் முட்டிக்கிட்டாங்க அண்ணி" என்றாள். கோபித்துக்கொள்வாள் என்று பயந்து நின்றவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஸ்டிக்கரின் கணவன் ஊர் ஊராகப் போய் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். அதனால் அந்த வீட்டில் குடும்பம் என்பது பெரும்பாலும் இந்த இரண்டு பேர்தான்.

போர்வை வேலையைத் தொடங்கி வைத்தவளும் நாத்தனார்தான். போன வருஷம் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது, வீடு இழந்தவர்களை ஊர்க்கோடியில் ஒரு பழைய காகிதக் கிடங்கில் கொண்டுபோய் வைத்தார்கள். உள்ளே பிளைவுட் பலகைகளால் தடுத்துக் குடும்பத்துக்கு ஓர் அறை. புது வீடு கட்டித் தருகிறோம், அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவள் பஸ்ஸின் கடைசி நிறுத்தம் அந்தக் கிடங்குதான். கூரை எங்கோ உயரத்தில் இருக்கிறது, தரை சில்லென்று சிமெண்டு, குளிர்காலம் வந்தால் உள்ளே பேசுகிறவர்களின் மூச்சு புகையாகத் தெரிகிறது என்று வந்து சொன்னாள். ஆலையின் வெட்டும் அறையில் துண்டுத் துணி மூட்டை மூட்டையாக மிஞ்சிக் கிடப்பது ஸ்டிக்கருக்கு நினைவு வந்தது. மேனேஜரிடம் கேட்டாள். எடுத்துக்கொண்டு போ, குப்பை வண்டியைக் கூப்பிடுகிற வேலை மிச்சம் என்றார். பொத்தான் கடைக்காரர் தன் கடை மாடியைத் திறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்கள் கூட ஆரம்பித்தார்கள்.

துண்டுகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒன்றோடொன்று சேர்த்தால் மேல்துணி. நடுவில் பழைய கம்பளி. கீழே ஓர் அடித்துணி. மூன்றையும் அடுக்கி, வரிசை வரிசையாகக் கையாலேயே ஓட்டுத்தையல் போட வேண்டும். போடாவிட்டால் உள்ளே இருக்கும் கம்பளி இரண்டு துவைப்பில் ஒரு மூலைக்குப் போய்ச் சுருண்டுகொள்ளும். அவ்வளவுதான் வேலை. ஊசி பிடிக்கத் தெரிந்த யாராலும் முடியும்.

யாராலும் முடியும் என்பதுதான் ஸ்டிக்கருக்குத் தொல்லையாக இருந்தது. பொத்தான் கடைக்காரரின் தையல் மேடும் பள்ளமுமாகப் போகும். நாத்தனார், ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு தைத்தவளைப் போலத் தைப்பாள். மற்றவர்கள் அவரவர் மனசு போன போக்கு. ஸ்டிக்கர் முகத்துக்கு நேரே யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஓரம் மடித்துவிட்டு வருகிறேன் என்று போர்வைகளை வீட்டுக்கு எடுத்துப் போவாள். வீட்டில் உட்கார்ந்து அத்தனை தையலையும் பிரிப்பாள். பிறகு ஸ்கேலும் சாக்கட்டியும் வைத்துக் கோடு போட்டு, அரிசி மணியைப் பரப்பி வைத்த மாதிரி மறுபடி தைப்பாள்.

இது எத்தனை நாள் மறையும்? பச்சை நூலில் தைத்த ஒருத்தி, கொடுக்கப் போகிற அன்றைக்கு ஆசையாகத் தன் வரிசையைத் தேடிப் பார்த்தாள். அங்கே வெள்ளை நூல் இருந்தது. அடுத்த வாரம் முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினாள். பிறகு இன்னொருத்திக்கு விருந்தாளிகள் வந்தார்கள். ஒருவருக்குக் கண் மங்கியது. இந்த வருஷம் குளிர் எட்டிப் பார்க்கும்போது மாடியில் மூன்று பேர்தான் மிச்சம்: ஸ்டிக்கர், நாத்தனார், இடத்துக்குச் சொந்தக்காரர் என்பதால் ஓட முடியாத பொத்தான் கடைக்காரர். கிடங்கிலோ போர்வை கிடைக்காத அறைகள் இன்னும் நிறைய இருந்தன.

போர்வைகளை எப்போதும் தன் வேனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது பொத்தான் கடைக்காரர்தான். அந்த வாரம் பொத்தான் பெட்டியைத் தூக்கப்போய் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எனவே தைத்து முடித்த இரண்டை மட்டும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, ஸ்டிக்கர் முதல்முறையாக நாத்தனாரின் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினாள். பஸ் திரும்பும்வரை நேரம் இருந்ததால் நாத்தனாரும் கூட வந்தாள். உள்ளூர ஒரு பரபரப்பு இருந்தது. போன வருஷத்துப் போர்வைகள் எல்லாம் அங்கே வரிசையாக விரிந்து கிடக்கும், ஒவ்வொன்றையும் கண்டவுடனே இது இன்ன மாதம் தைத்தது என்று சொல்லிவிடலாம் என்று வழிநெடுக நினைத்துக்கொண்டே வந்தாள்.

ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

தடுப்புகளுக்கு நடுவில் நீளமாக ஒரு நடைபாதை. இரண்டு பக்கமும் வாசலுக்குத் துணி தொங்கியது. ஆட்கள் சாக்கைப் போர்த்தியிருந்தார்கள், பழைய மழைக்கோட்டை மாட்டியிருந்தார்கள், ஒருவர் ஸ்வெட்டருக்குள் செய்தித்தாளைச் செருகியிருந்தார். கொண்டுவந்த இரண்டையும் போர்வை கிடைக்காத இரண்டு அறைகளில் கொடுத்துவிட்டு, போன வருஷத்துப் போர்வை எங்கே என்று ஒரு வாசலில் கேட்டதும், அந்த வீட்டுப் பெண் பூரித்துப்போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினாள். அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. மகள் கல்யாணத்துக்கு என்றாள். மகள் அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தாள். அடுத்த வாசலில் கட்டிலுக்கு அடியில், காகிதம் சுற்றி, கயிறு கட்டி. அதற்கடுத்த அறை ஒரு முடிவெட்டுக்காரருடையது. கடை ஆற்றோடு போனபின், கிடங்கு வாசலில் ஒரு நாற்காலியும் கண்ணாடியும் போட்டு வெட்டுகிறவர். மழைத் தூறல் இருந்ததால் அன்று அறைக்குள்ளேயே ஒருவருக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

அவர் அறையில் போர்வை சுவரில் இருந்தது.

நான்கு மூலையிலும் ஆணி. மேலே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள், தூசி இல்லாமல் துடைத்தது. நீலமும் சாம்பலும் மாறி மாறி வந்து நடுவில் ஒரு மஞ்சள் சதுரம். அதை அவள் எத்தனை முறை பிரித்துத் தைத்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். மழை நாளில் உள்ளே வெட்டிக்கொள்ள வருகிறவர்களை அதைப் பார்த்தபடி உட்காரவைக்கிறாராம். கண்ணாடியே வேண்டாம் என்கிறார்களாம். ஸ்டிக்கருக்கு ஒரு கணம் நெஞ்சு விம்மியது உண்மை. தன் வேலையை யாரும் சுவரில் மாட்டி அவள் பார்த்ததில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மூலையில் பாயின் மேல் ஒரு சின்னப் பெண், வெட்டுகிறபோது வாடிக்கையாளர் கழுத்தில் சுற்றும் வெள்ளைத் துணியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே மெல்லிசாக ஏதோ ஊதியது.

"எனக்குள்ள ஒரு விசில் இருக்கு" என்றாள் அவள், ஸ்டிக்கர் பார்ப்பதைப் பார்த்து.

நாத்தனார் தன் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து உற்றுப் பார்த்துவிட்டு, "என்னோடதை விட நல்லா இருக்கே. உன்னைக் கூட்டிட்டுப் போனா நான் ஊதவே வேணாம் போல" என்றாள். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு விசில் என்றே பெயராகிவிட்டது.

முடிவெட்டுக்காரர் கத்தரியை நிறுத்தாமல் சொன்னார். தாயில்லாப் பிள்ளை. போன குளிரில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. இந்த முறை நெஞ்சில் குளிர் இறங்காமல் பார்த்துக்கொள், மறுபடி இழுத்துக்கொண்டால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவர் கண் பிள்ளையின் மேல்தான் இருந்தது. அந்தக் கண் சுவருக்குப் போகவே இல்லை.

அதைக் கழற்றிப் பிள்ளைக்குப் போர்த்துங்கள் என்று ஸ்டிக்கர் சொன்னாள். அவர் சிரித்தார், ஏதோ வேடிக்கை பேசுகிறாள் என்பதைப் போல.

"வீடு கிடைக்கட்டும்க்கா. இந்தத் தரையில போட்டு, முடியும் அழுக்கும் ஒட்டிச்சுன்னா என்னத்துக்கு ஆகும்? புது வீட்டுல நல்ல கட்டிலாப் போட்டு, அது மேல விரிக்கணும்."

வெளியே வந்தபோது, பக்கத்து அறைப் பிள்ளைகள் நாற்காலிகளுக்கு மேல் எதையோ போட்டுக் கூடாரம் அடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வெளுத்துப்போன ஒரு போர்வை. மேல்துணியின் தையல் வரிசைகள் பாதி வழியில் இடப்பக்கம் சாய்ந்து, பின்பு நினைவு வந்ததைப் போல வலப்பக்கம் திரும்பின. ஓரத்தில் ஓர் இடம் தேய்ந்து, வேறு யாரோ சிவப்புத் துணியால் ஒட்டுப் போட்டிருந்தார்கள். அந்த வீட்டம்மா பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, கூடாரத்தை ஒரே இழுப்பில் பிடுங்கித் தோளில் சுற்றிக்கொண்டு, குளிருதுடா சாமி என்று உட்கார்ந்தாள். ஸ்டிக்கரின் கை மணிக்கட்டுச் சுருளுக்குப் போனது.

"இது யார் தைச்சது?"

நாத்தனார் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தாள். நான் தைத்ததுதான், போன வருஷம் உங்கள் கண்ணில் படாமல் என் பஸ் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தது என்று, திரும்பிப் போகும்போது பாதி வழியில்தான் ஒத்துக்கொண்டாள்.

வாரம் முழுக்க ஸ்டிக்கருக்கு ஆலையில் வேலை ஓடவில்லை. எந்தச் சட்டையைத் தூக்கினாலும் அந்த ஊதல் கேட்டது. அடுத்த ஞாயிறு அவள் ஒரு முடிவோடு போனாள். அழுக்காகிவிடும் என்பதுதானே அவர் பயம்? அழுக்காகிவிட்டால் பயம் போய்விடும். செகண்ட்ஸ் கூடையில் விழுந்த சட்டையை யாராவது சுவரில் மாட்டுகிறார்களா? யோசனை அவளுக்குக் கணக்குப் போட்ட மாதிரி சரியாகப் பட்டது. நாத்தனாரிடம் சொல்லவில்லை.

ஒரு தையலைப் பார்க்க வேண்டும், விட்டுப்போன மாதிரி சந்தேகம் என்றாள். முடிவெட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, ஆணி ஆணியாகக் கழற்றி, குழந்தையைக் கைமாற்றுகிற மாதிரி கொடுத்தார். அவளே கொண்டுவந்திருந்த ஃபிளாஸ்கிலிருந்து எல்லோருக்கும் டீ ஊற்றினாள். போர்வையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகிற பாவனையில், சாய்த்துவிட்டாள்.

மஞ்சள் சதுரத்தில் டீ பரவியது. ஐயோ கை தவறிவிட்டது என்று அவள் தயாராக வைத்திருந்த வார்த்தையைச் சொல்வதற்குள், அவர் போர்வையைப் பிடுங்கிக்கொண்டு தெருக்குழாய்க்கு ஓடினார். அந்தக் குளிரில், வாசலில் காத்திருந்தவரைப் பாதித் தலையோடு விட்டுவிட்டு, முட்டிக்கால் போட்டுச் சோப்பைத் தேய்த்துக் கசக்கினார். தண்ணீரைக் குடித்த கம்பளி, பிழிய முடியாத கனத்தில் தொங்கியது. கறை முழுசாகப் போகவில்லை. மஞ்சளில் பழுப்பாக ஒரு வளையம் நின்றுவிட்டது. அவர் கைவிரல்கள் சிவந்து விறைத்திருந்தன.

ஸ்டிக்கர் அருகே போய், இனிமேல் பிள்ளைக்குப் போர்த்தலாமே, கறைதான் பட்டுவிட்டதே என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, கை தவறவில்லை என்பதும் சேர்த்து.

"எனக்குன்னு முழுசா ஒரே ஒரு நல்லது இருந்துச்சுக்கா" என்றார். குரலை உயர்த்தவில்லை. "செருப்பு, சட்டை, இந்தக் கத்தரி, எல்லாம் யாரோ வேணாம்னு விட்டது. அது ஒண்ணுதான் எனக்குன்னே நல்லா செஞ்சது."

காய்ந்ததும் அது மறுபடி சுவருக்கே போனது என்று, வாரத்தின் நடுவில் நாத்தனார் சேதி கொண்டுவந்தாள். கூடவே இன்னொரு சேதி. விசிலுக்கு இழுப்பு அதிகமாகி ஆஸ்பத்திரியில் ஆவி பிடிக்க வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இப்போதைக்குப் பரவாயில்லை. ஆனால் உண்மையான குளிர் இன்னும் வரவில்லை.

ஸ்டிக்கர் அப்போது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நாத்தனாரின் வரிசை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். டீ விஷயத்தை முழுசாகச் சொன்னாள். நாத்தனார் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பிரிங்க அண்ணி, நிறுத்தாதீங்க. நீங்க பிரிக்கிறதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிப்போச்சு. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பீரோவுல அந்த நீலச் சட்டை இருக்கே, அது என்ன ஆச்சு?"

ஸ்டிக்கரின் கை நின்றது. வருஷக்கணக்காக ஒரு தப்பும் விடாமல் பார்த்ததற்காக ஆலை அவளுக்குக் கொடுத்த பரிசு அது. கப்பலுக்குப் போகிற சட்டை, முதல் தரம், இளநீலம். காலருக்குள் அட்டை, குண்டூசிகள், மேலே சரசரக்கும் உறை எல்லாம் அப்படியே. தனக்குச் சரியாக இருக்குமா என்றுகூட அவள் போட்டுப் பார்த்ததில்லை.

"நல்ல நாள் வரட்டும்னுதானே வெச்சிருக்கேன்."

"அவரும் அதைத்தானே சொல்றாரு" என்றாள் நாத்தனார். "அவருக்கு ஆணி, உங்களுக்கு பீரோ. ஆனா பீரோவுக்கு இருமல் வராது."

பிறகு எழுந்துபோய் இருவருக்கும் டீ போட்டாள். ஸ்டிக்கர் பிரித்த நூலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல்நீளத் துண்டுகளாக, மேசை முழுக்கக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாத்தனார் தைத்தது. இவ்வளவையும் பிரிக்காமல் இருந்திருந்தால், மாடியில் இப்போது எத்தனை பேர் இருந்திருப்பார்கள், கிடங்கில் எத்தனை கோணல் போர்வைகள் தேய்ந்து கிழிந்துகொண்டிருக்கும் என்று அவள் எண்ணிப் பார்க்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாள். நன்றாகச் செய்து கொடுத்தால் அவர்களை மதிக்கிறோம் என்று அர்த்தம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அது பொய்யும் இல்லை. முடிவெட்டுக்காரரே அதைத்தான் சொன்னார். ஆனால் அவள் கொடுத்தது அவ்வளவு முடிந்துபோன பொருளாக இருந்தது. அதில் கை வைக்க யாருக்கும் ஓர் இடம் மிச்சமில்லை.

முடிக்காமல் கொண்டுபோனால் என்ன?

முதலில் அவள் போனது பொத்தான் கடைக்கு. இனி எதையும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டேன், யார் தையலையும் தொட மாட்டேன், பழைய ஆட்களுக்கெல்லாம் சொல்லிவிடுங்கள் என்றாள். அவர் இடுப்பில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு கல்லாவில் சாய்ந்திருந்தார். நான் சொன்னால் நம்ப மாட்டார்கள், நானே நம்பவில்லை என்றார். ஆனாலும் சொன்னார். பச்சை நூல்காரி வந்து, முழங்கால் அதிசயமாகச் சரியாகிவிட்டது என்றாள். ஸ்டிக்கர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பச்சைதான் அதுக்கு நல்லா இருந்துச்சு" என்றாள். அது போதுமானதாக இருந்தது.

அந்த ஞாயிறு வேன் நிறையச் சாமான் ஏறியது. சேர்த்து வைத்த மேல்துணிகள், கம்பளிகள், அடித்துணிகள், ஒரு டப்பா நிறைய ஊசி, எல்லா நிறத்திலும் நூல்கண்டுகள். முடிந்த போர்வை ஒன்றுகூட இல்லை. ஸ்டிக்கர் இளநீலச் சட்டையைப் போட்டிருந்தாள். குண்டூசிகளை எடுத்து, அட்டையை உருவி, இஸ்திரி போடக்கூட நேரமில்லாமல் மாட்டியது. நெஞ்சிலும் கையிலும் மடிப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக நின்றன. தோள் கொஞ்சம் பெரிசு. இத்தனை வருஷம் பொத்தி வைத்தது சரியான அளவே இல்லை என்பதில் நாத்தனாருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அன்று அவளுக்கு விடுமுறை என்றாலும், கடைசி நிறுத்தம் வரை பஸ்ஸில் ஒவ்வொரு பயணியிடமும், எங்க அண்ணி சட்டையைப் பாருங்க, இன்னிக்குத்தான் கப்பல்லேர்ந்து இறங்குச்சு என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கிடங்கின் நடைபாதையில், எல்லோரும் தாண்டிப் போக வேண்டிய இடத்தில், துணிகளை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரையும் கூப்பிடவில்லை. தாண்ட முடியாதவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் என்ன இது என்றார்கள். பாதியில் நிற்கிறது, கை போதவில்லை என்றாள் ஸ்டிக்கர். அது பொய்யில்லை. டிரங்குப் பெட்டிக்காரி, தவழும் மகளை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு ஒரு ஊசியை எடுத்தாள். ஸ்வெட்டருக்குள் செய்தித்தாள் வைத்திருந்தவர், நான் சாக்குதான் தைத்திருக்கிறேன் என்றபடியே குந்தினார். கொஞ்ச நேரத்தில் எந்தப் போர்வை யாருக்கு என்பதும் தானாகவே முடிவாகிவிட்டது. எது யார் மடிப்பக்கம் இருந்ததோ அது அவர்களுக்கு.

முடிவெட்டுக்காரர் தன் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஸ்டிக்கர் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவர் ஆட்டவில்லை. விசில்தான் அவரைத் தாண்டி ஓடிவந்தது. துண்டுத் துணிகளைக் கிளறி, இது வேண்டாம், இது வேண்டாம் என்று தள்ளிவிட்டு, திரும்ப ஓடிப்போய்த் தனக்குப் பற்றாமல் போன ஒரு கவுனைக் கொண்டுவந்தது. முழங்கையில் கிழிந்த சிவப்புக் கவுன். இதை வைக்கலாமா என்றது. கிழிஞ்சதையெல்லாம் கொண்டுவராதே என்று அப்பா வாசலிலிருந்து அதட்டினார். வைக்கலாம் என்றாள் ஸ்டிக்கர். கத்தரியை எடுத்தவள், ஏதோ தோன்றி, அதை அவர் பக்கமாக நீட்டினாள்.

"நீங்களே வெட்டுங்க அண்ணே. கத்தரி உங்க கைக்குத்தான் பழக்கம்."

அவர் அசையவில்லை. பிறகு அவள் நீட்டியதை வாங்காமல், தன் கத்தரியை இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கவுனைச் சதுரமாக வெட்டினார். சதுரம் சரியாக வரவில்லை. முடியை வெட்டினால் வளர்ந்து சரியாகிவிடும், துணி வளராது என்று நாத்தனார் ஆறுதல் சொன்னாள். அவர் உதடு கொஞ்சம் நெளிந்தது. கவுன் துண்டு சேர்ந்த அந்தப் போர்வைக்கு அடித்துணி இல்லை என்று பச்சை நூல்காரி தேடினாள். இரண்டு மூட்டையைக் கவிழ்த்தும் கிடைக்கவில்லை. முடிவெட்டுக்காரர் எழுந்துபோய், பிள்ளை போர்த்தியிருந்த அந்த வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து, இரண்டு தரம் பலமாக உதறினார். முடித்துகள் பறந்து ஸ்டிக்கரின் இளநீலத் தோளில் உட்கார்ந்தன.

"புதுச் சட்டையாக்கா?"

"பழசுதான்" என்றாள். "இன்னிக்குத்தான் போட்டேன்."

அவர் அந்த மடிப்புக் கோடுகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து, கம்பளியை அதன்மேல் போட்டு, ஊசியைக் கையில் எடுத்தார்.

அவர் தைத்த தைப்பு, நாத்தனாருடையதைத் தங்கம் என்று சொல்லவைத்தது. ஒரு தையல் விரல்கணு நீளம், அடுத்தது எறும்பு நீளம். வரிசை கவுன் துண்டை நோக்கிப் புறப்பட்டு, வழி தவறி, ஊரைச் சுற்றிவிட்டு வந்தது. ஸ்டிக்கரின் கை மணிக்கட்டுக்குப் போனது. சுருள் அங்கே இல்லை. எப்போதோ அதை உருவிக்கொண்டு போன விசில், ஊர் முழுக்க அம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. தவழும் குழந்தையின் வழுக்கைத் தலையில் ஒன்று. பொத்தான் கடைக்காரரின் இடுப்பில் ஒன்று. நாத்தனாரின் வாயில் ஒன்று, பேச்சு நிற்க வேண்டும் என்று, அது நிற்கவில்லை. யாரோ டீ டம்ளரைத் தட்டிவிட்டார்கள். யார் போர்வையில் கொட்டியது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருத்தி போகிற போக்கில் முந்தானையால் ஒற்றிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள்.

ஸ்டிக்கர் முடிவெட்டுக்காரரின் எதிர்முனையிலிருந்து தைத்துக்கொண்டு வந்தாள். அவள் வரிசைகள் நேராக இருந்தன. அதற்கு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நடுவில் இரண்டு பேரின் தையலும் சந்திக்கிற இடத்தில் அவருடையது மேலே போனது, அவளுடையது கீழே நின்றது. இழுத்துப் பிடித்து எப்படியோ சேர்த்தார்கள். நன்றாக இல்லை. ஆனால் பிரியாது என்று அவள் இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

சுவரில் இருக்கிறதைப் பற்றி அவர்தான் பேச்செடுத்தார். அது அங்கேயே இருக்கட்டும், அந்தப் பலகை இடுக்கில் வருகிற காற்றையாவது தடுக்கிறது என்றார். இருக்கட்டும் என்றாள். அன்றைக்குச் செய்தது தப்பு என்றும் சொன்னாள். அவர் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, அந்த வளையம் பார்க்கப் பார்க்க ஒரு சூரியன் மாதிரிதான் இருக்கிறது, வெட்டிக்க வர்றவங்க கேட்டா அப்படித்தான் சொல்றேன் என்றார்.

வெளிச்சம் சாயத் தொடங்கியபோது தைத்தவரையில் போதும் என்று சிலர் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். ஊருக்குக் கடைசி பஸ் திரும்பும் நேரம். முடிவெட்டுக்காரரின் போர்வையில் ஒரு பக்கம் இன்னும் ஓரம் மடிக்கவில்லை. அதை இழுக்கப் போன ஸ்டிக்கருக்கு அது வரவில்லை. தைத்து முடித்த முனைக்குள் புகுந்து, எப்போது என்று யாருக்கும் தெரியாமல், விசில் தூங்கிப்போயிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சில், போட்டிருந்த உடுப்புக்கு மேலே, ஒரு சிவப்பு அம்பு. தன்னைத்தானே பார்த்து ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. சரியாக எந்த இடத்திலிருந்து அந்த ஊதல் வருமோ அந்த இடத்தைக் காட்டியது.

எல்லோரும் கொஞ்சம் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். ஊதல் இருந்தது. ஆனால் தூரத்தில் போகிற பஸ்ஸைப் போல மெல்லிசாக இருந்தது.

"எழுப்பட்டுமாக்கா? ஓரம் மடிக்கணுமே" என்றார் அப்பா.

"வேணாம். ஓரம் எங்கேயும் ஓடிடாது."

முடிவெட்டுக்காரர் தன் பக்கத்து ஊசியை அப்படியே துணியில் குத்தி வைக்கப் போனவர், பிள்ளை புரண்டால் குத்தும் என்று நினைவு வந்து உருவி, தன் சட்டைக் காலரில் செருகிக்கொண்டார். ஸ்டிக்கர் குனிந்து போர்வையை மேலே இழுத்தாள். கவுன் துண்டு, கோணல் வரிசை, நேர் வரிசை, எல்லாம் சேர்ந்து வந்தன. அந்த அம்பு மறையும்வரை இழுத்து, தோளுக்கு அடியில் செருகிவிட்டாள்.